நூற்றுப் பதினெட்டாம் தீர்ப்பு

தொலைபேசி நிலையத்தில் வேலை பார்த்த காலத்தில் அவருக்கு இரண்டு பெயர்கள் இருந்தன. வார நாட்களில் டெஸ்டர். சனிக்கிழமை பிற்பகல் இரண்டரை மணிக்கு மேல் நடுவர்.

முதல் பெயர் வேலையோடு வந்தது. ஊரில் யாருடைய போன் செத்தாலும் புகார் அவர் மேசைக்குத்தான் வரும். மீட்டரைப் பொருத்தி, முள் எங்கே போய் நிற்கிறது என்று பார்த்து, கோளாறு வீட்டுக்குள்ளா, தெருக் கம்பத்திலா, நிலையத்துக்குள்ளேயேவா என்று அவர் சொல்ல வேண்டும். அவர் சொன்ன கம்பத்தில் லைன்மேன் ஏறுவார். அந்த லைன்மேன் அவருடைய சொந்த அண்ணன். தம்பி சொல்லி அண்ணன் கம்பம் ஏறும் குடும்பம் உலகத்திலேயே எங்களுடையது ஒன்றுதான் என்று அண்ணி சொல்லிச் சிரிப்பார். அண்ணிக்கும் அங்கேதான் வேலை. மாடியில் ட்ரங்க் போர்டில், வெளியூர் அழைப்புகளை இணைத்துவிடும் ஆபரேட்டர்.

இரண்டாவது பெயர் வந்த கதை வேறு. அதற்கு ஸ்டோர்காரரைச் சொல்ல வேண்டும்.

ஸ்டோர்காரர் கல்யாணம் ஆகாதவர், அதிகம் பேசாதவர், அப்போதே ஐம்பத்தாறு வயது. கீழ்த்தளத்தில் கம்பிச் சுருள்களுக்கும் கம்பத்தில் மாட்டும் பீங்கான் கிண்ணங்களுக்கும் நடுவில் இருப்பார். ஒரு திருகாணி வேண்டுமென்றாலும் கையெழுத்து வாங்காமல் தர மாட்டார். ஒருநாள் வெளிநாட்டிலிருந்து வந்த கருவிப் பெட்டியைப் பிரித்தபோது, வைக்கோலுக்கு அடியில் ஒரு புத்தகம் கிடந்தது. அங்கே பெட்டி கட்டிய யாரோ மறந்து வைத்துவிட்டது. இருப்புப் பட்டியலில் இல்லாத பொருளை என்ன செய்வதென்று தெரியாமல், ஆங்கிலம் நன்றாகப் படிக்கக்கூடிய டெஸ்டரிடம் கொண்டுவந்து கொடுத்தார்.

அது ஒரு விளையாட்டின் விதிப்புத்தகம். பலகையும் இல்லை, காயும் இல்லை. ஒருவர் கதை சொல்வார்: இதோ ஒரு குகை, இதோ ஒரு கதவு, உள்ளே ஏதோ உறுமுகிறது. மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரத்தை எடுத்துக்கொண்டு, தாங்கள் என்ன செய்கிறோம் என்று சொல்ல வேண்டும். பலிக்குமா பலிக்காதா என்பதை இரண்டு பகடை சொல்லும்; எண் கூடக் கூட நல்லது. சந்தேகம் வந்தால் கதை சொல்பவர் தீர்ப்புச் சொல்வார். அப்படித்தான் டெஸ்டர் நடுவரானார்.

காலை ஷிப்ட் இரண்டு மணிக்கு முடியும். சனிக்கிழமைகளில் கைகால் கழுவிவிட்டு நான்கு பேரும் ஓய்வறையில் கூடுவார்கள். சுவருக்கு அந்தப் பக்கம் அழைப்புகளை இணைக்கும் ரிலேக்கள் மழைத்தூறல் மாதிரி இடைவிடாமல் சடசடக்கும். யாராவது அரை மணி நேரம் பேசாமல் இருந்தால் அந்தச் சத்தத்திலேயே தூக்கம் வந்துவிடும். ஆனால் அங்கே யார் பேசாமல் இருந்தார்கள்? அண்ணன் இரும்படி என்ற போர்வீரன். கதவைத் திறக்கலாமா என்று மற்றவர்கள் யோசிக்கும்போதே உடைத்துவிடுவான். அண்ணி சாம்பல்காரி என்ற மந்திரக்காரி. ஸ்டோர்காரர் சாவிக்காரன், எந்தப் பூட்டையும் திறப்பான், ஆனால் உள்ளேயிருக்கும் பொருளைத் தொட மாட்டான். பழக்கதோஷம்.

முதல் மூன்று வாரம் எல்லாம் ஒழுங்காக நடந்தது. நான்காம் வாரம் பார்த்தால், புத்தகத்தில் நாற்பத்தொன்பதிலிருந்து அறுபத்துநான்கு வரை பக்கங்களைக் காணவில்லை. தையல் விட்டு, சேர்த்துத் தைத்த பதினாறு பக்கக் கட்டு ஒன்று அப்படியே கழன்று எங்கோ விழுந்திருந்தது. 'மந்திரமும் செயலும்' என்ற அத்தியாயம் முழுக்க அதில் போய்விட்டது. மேசைக்கு அடியில், அலமாரிக்குப் பின்னால், கழிவறை ஜன்னல் வரைக்கும் தேடினார்கள். அகப்படவில்லை.

"போனா போகட்டும். நாமளே எழுதிக்குவோம்," என்றார் அண்ணி. "இந்தப் புத்தகத்தை எழுதினவன் மட்டும் என்ன மந்திரம் போட்டுப் பார்த்தா எழுதினான்?"

பயன்படாத புகார்ப் பதிவேடு ஒன்றின் அட்டையில் 'தீர்ப்புகள்' என்று எழுதி ஒட்டினார்கள். சந்தேகம் வரும்போதெல்லாம் வாதாடி, நடுவர் முடிவைச் சொல்லி, எண் போட்டுப் பதிவார்கள். நனைந்துபோன மந்திரக்காரி நெருப்பு மந்திரம் சொல்லலாமா? சொல்லலாம், புகை மட்டும் வரும். கண்ணுக்குத் தெரியாமல் மறைந்தவன் தும்மினால்? தும்மல் கேட்கும். வாயில் ரொட்டியை வைத்துக்கொண்டு சொன்ன மந்திரம் செல்லுமா? இதற்கு ஒன்றே கால் மணி நேரம் ஆனது. செல்லும், ஆனால் யார்மேல் படும் என்று பகடைதான் சொல்ல வேண்டும். அண்ணன் நிஜமாகவே வாயில் ரொட்டியை அடைத்துக்கொண்டு பேசிக் காட்டினார். எதிரே உட்கார்ந்திருந்த ஸ்டோர்காரர் சட்டையைத் துடைத்துக்கொண்டே, "சாட்சியம் போதும்," என்றார். அவர் சொன்ன நகைச்சுவைகளில் அது மூன்றாவதோ நான்காவதோ.

பதினான்காம் தீர்ப்பை மட்டும் இங்கே நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். ஒவ்வொருவருக்கும் தன் முறை வரும்போது ஒரு நகர்வு, ஒரு செயல், அவ்வளவுதான். ஆனால் பேச்சுக்கு முறை கிடையாது. யார் எப்போது வேண்டுமானாலும் பேசலாம்.

இரண்டு வருடம் இப்படி ஓடியது. பதிவேட்டில் நூற்றுப் பதினேழு தீர்ப்புகள் சேர்ந்தன. அடுத்த வெள்ளிக்கிழமை ஸ்டோர்காரர் ஓய்வு பெறுகிறார் என்ற நிலையில் கடைசிச் சனிக்கிழமை வந்தது.

அன்றைக்கு மூன்று பாத்திரங்களும் ஒரு கோபுரத்தின் உச்சியில் மாட்டிக்கொண்டிருந்தன. வாசலில் கல்நாய் ஒன்று காவல். இரும்படி அடித்த அடி கல்லில் பட்டுத் தெறித்தது. சாம்பல்காரி தன் முறையில் புகையைக் கிளப்பினாள். சாவிக்காரன் பூட்டின்முன் மண்டியிட்டிருந்தான். அடுத்து நாயின் முறை. டெஸ்டர் பகடையை உருட்டினார். பதினொன்று.

"நாய் சாவிக்காரன்மேல பாயுது," என்றார்.

"நில்," என்றார் அண்ணி.

'நில்' என்பது சாம்பல்காரி போன மாதம்தான் கற்றுக்கொண்ட மந்திரம். அந்த ஒரே சொல்தான். சொன்னால் எதிரே வருவது ஒரு கணம் உறைந்துவிடும்.

"அண்ணி, உங்க முறை முடிஞ்சுபோச்சு."

"முறை முடிஞ்சா வாயும் முடிஞ்சுடுமா? பதினாலாம் தீர்ப்பை எடுங்க தம்பி. பேச்சுக்கு முறை கிடையாதுன்னு உங்க கையெழுத்துலதான் இருக்கு."

"இது பேச்சு இல்ல, மந்திரம். மந்திரம் செயல்ல சேர்த்தி."

"கையைக் காலை ஆட்டிச் சொல்ற மந்திரம் செயல். ஒத்துக்கிறேன். இது ஒரே சொல்லு. நான் மாடியில ஒரு கையால பிளக்கைச் சொருகிக்கிட்டே வாயால நம்பர் கேக்கறேன். அதை ரெண்டு வேலைன்னு யாராவது சொல்லியிருக்காங்களா?"

அண்ணி சொன்னதில் நியாயம் இருப்பதாக டெஸ்டருக்குப் பட்டது. ஆனால் இதை விட்டால் இனி எவருடைய முறையிலும் எவரும் மந்திரம் போடலாம் என்று ஆகிவிடும். அண்ணன் பக்கம் திரும்பி, "நீ என்னண்ணே சொல்றே?" என்றார்.

அண்ணன் மனைவியைப் பார்த்தார், தம்பியைப் பார்த்தார். "நான் போய் டீ எடுத்துட்டு வர்றேன்," என்று எழுந்து போய்விட்டார். முப்பது அடிக் கம்பத்தில் புயல்நாளில் ஏறியவர் அன்றைக்குப் போட்ட ஓட்டம் அது.

மீதம் ஸ்டோர்காரர். சாகப்போவது அவருடைய ஆள். அவர் பென்சிலை மேசைமேல் நேராக வைத்துவிட்டு, "நடுவர் சொன்னா சரிதான்," என்றார்.

டெஸ்டர் பதிவேட்டை இழுத்து எழுதினார். நூற்றுப் பதினெட்டு: மந்திரம் எத்தனை சிறியதானாலும் செயலே, தன் முறையில் மட்டுமே செல்லும். நாய் பாய்ந்தது. சாவிக்காரன் செத்தான். அண்ணன் டீயோடு வந்தபோது எல்லாரும் மேசையை ஒழித்துக்கொண்டிருந்தார்கள்.

வெள்ளிக்கிழமை வழியனுப்பு விழாவில் ஸ்டோர்காரர் எல்லாருக்கும் கை கொடுத்தார். சாவிக்கொத்தை ஒப்படைத்தார். டெஸ்டரிடம் வந்தபோது ஏதோ சொல்ல வாயெடுத்து, "உடம்பைப் பார்த்துக்கோங்க," என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். அவருடைய ஆளைக் கொன்று அனுப்பிவிட்டோமே என்று டெஸ்டருக்கு நெஞ்சில் முள் தைத்தது. அடுத்த சனிக்கிழமை யாரும் ஓய்வறைப் பக்கம் போகவில்லை. அதற்கடுத்த சனிக்கிழமையும். அப்புறம் பழகிவிட்டது.

ஆனால் அண்ணி விடவில்லை. டெஸ்டருக்குக் கல்யாணம் பேசும்போது, பெண்வீட்டார் முன்னிலையில், "நான் ஒண்ணு சொல்லலாமா தம்பி, இல்ல என் முறை முடிஞ்சுபோச்சா?" என்று கேட்டார். மகள் பிறந்தபோது கேட்டார். வீடு மாறும்போது கேட்டார். நாளடைவில் டெஸ்டரின் மனைவியும் அதைப் பிடித்துக்கொண்டார். மகள் பேசப் பழகியபோதே அந்த வாக்கியத்தையும் சேர்த்துப் பழகினாள். குடும்பத்தில் யாராவது எவரையாவது பேச்சில் மடக்கினால் இதுதான் சிரிப்பு. டெஸ்டரும் சிரிப்பார். சிரித்து முடித்ததும் ஒவ்வொரு முறையும் ஸ்டோர்காரர் பென்சிலை நேராக வைத்தது ஞாபகம் வரும்.

இருபத்துநான்கு வருடம் போனது. ட்ரங்க் போர்டு போனது, ரிலே போனது, அவை இருந்த அறையில் இப்போது குளிர்பதனமும் நான்கு பெட்டிகளும் மட்டும். மகள் வேறு நகரத்தில் வேலைக்குப் போனாள். அங்கே பழைய புத்தகக் கடை ஒன்றில் அந்த விதிப்புத்தகம் முழுசாக இருப்பதைப் பார்த்து, அப்பா சந்தோஷப்படுவாரே என்று வாங்கி அனுப்பினாள்.

அப்பா சந்தோஷப்பட்டார், ஐம்பத்துமூன்றாம் பக்கம் வரைக்கும். அங்கே இருந்தது இது: "ஒரே சொல்லால் ஆன மந்திரங்கள் செயலாகக் கொள்ளப்படா. சுற்றுக்கு ஒருமுறை, எவருடைய முறையிலும் அவற்றைச் சொல்லலாம்."

கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி படித்தார். எழுத்து மாறவில்லை. புத்தகத்தை அலமாரியில் குளிர்காலப் போர்வைக்கு அடியில் வைத்தார். பதினோரு நாள் அது அங்கேயே இருந்தது. பன்னிரண்டாம் நாள் போர்வை எடுக்கப்போன மனைவி அதைக் கையில் எடுத்துக்கொண்டு வந்து நின்றார்.

"காதல் கடுதாசியை ஒளிச்சு வெச்சாக்கூட ஒரு நியாயம் இருக்கு. பொண்ணு வாங்கிக் குடுத்த புத்தகத்தை எதுக்குங்க ஒளிக்கணும்?"

சொன்னார். மனைவி கேட்டுவிட்டு, "போய் அண்ணிகிட்டச் சொல்லிட்டு வாங்க. இல்லேன்னா நான் சொல்லிடுவேன்," என்றார்.

ஞாயிற்றுக்கிழமை பகலில் போனார். அண்ணி துணிகளுக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். புத்தகத்தை விரித்துக் காட்டினார் டெஸ்டர். ஊரைக் கூட்டிச் சிரிப்பார், இன்னும் இருபத்துநான்கு வருடத்துக்குத் தாங்கும் என்று எதிர்பார்த்துத்தான் வந்திருந்தார். அண்ணி படித்தார். இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தார். கட்டிலில் உட்கார்ந்தார்.

"என்ன அண்ணி, சிரிக்கலையா?"

"நான் சொன்னது தப்புன்னு நினைச்சுத்தான் தம்பி இத்தனை நாள் கிண்டல் பண்ணினேன். தோத்தவ பேசினா கிண்டல். இப்போ பாருங்க, சிரிப்பே வரல." கொஞ்ச நேரம் புத்தகத்தைத் தடவிக்கொண்டிருந்தார். "அந்த மனுஷனோட ஆளு சாகவே இல்ல. அவருக்குத் தெரியாது. போய்ச் சொல்லணும்."

ஓய்வூதியர் சங்கத்தில் விசாரித்ததில் முகவரி கிடைத்தது. மூன்று மணி நேரப் பஸ் பயணம். ஸ்டோர்காரர் தன் அக்கா மகள் வீட்டில் இருக்கிறாராம். அண்ணன் வர மறுத்துவிட்டார். "நான் வந்தா மறுபடி ஓட்டுப் போடச் சொல்வீங்க. நீங்க போயிட்டு வாங்க."

அக்கா மகள் ஒரு பல் மருத்துவமனையில் வேலை பார்ப்பவர். கதவைத் திறந்து, "மாமாவுக்குப் பார்வை போயிடுச்சு. நிழல்தான் தெரியும். பக்கத்துல போய்ப் பேசுங்க," என்று பின்னறைக்குக் கூட்டிப் போனார். சின்ன அறை. சுவர் நெடுக அலமாரி, ஒவ்வொரு தட்டிலும் சீட்டு ஒட்டியிருந்தது: மருந்து, துண்டு, பேட்டரி. ஜன்னலோரம் எண்பத்திரண்டு வயது ஸ்டோர்காரர், மெலிந்து, சட்டைப் பொத்தானைக் கழுத்துவரை போட்டுக்கொண்டு.

"சார், சௌக்கியமா?" என்றார் அண்ணி.

தலை திரும்பியது. "ட்ரங்க் போர்டு," என்றார் ஸ்டோர்காரர். "கூட வந்திருக்கறது யாரு? லைன்மேனா, டெஸ்டரா?"

"டெஸ்டர், சார்."

உட்கார வைத்தார். யார் யார் உயிரோடு இருக்கிறார்கள் என்பதெல்லாம் பேசி முடிந்தது. டெஸ்டர் பையிலிருந்து புத்தகத்தை எடுத்தார். "ஒரு விஷயம் சொல்லத்தான் வந்தோம் சார். அந்தக் கடைசி நாள் தீர்ப்பு தப்பு. முழுப் புத்தகம் இப்போ கிடைச்சுது. அதுல—"

"ஐம்பத்திமூணாம் பக்கம். கீழேயிருந்து மூணாவது பத்தி," என்றார் ஸ்டோர்காரர்.

டெஸ்டர் குனிந்து பார்த்தார். கீழேயிருந்து மூன்றாவது பத்திதான்.

ஸ்டோர்காரர் அக்கா மகளைக் கூப்பிட்டு, அலமாரியின் கடைசித் தட்டிலிருந்து ஒரு கோப்பை எடுக்கச் சொன்னார். நாடாவால் கட்டிய கோப்பு. மேலே ஒட்டிய சீட்டில் அவருடைய பழைய குண்டு கையெழுத்து: 'இருப்பில் உள்ளது. வழங்கப்படவில்லை.' உள்ளே நாற்பத்தொன்பதிலிருந்து அறுபத்துநான்கு வரை.

"தானாத்தான் கழண்டு வந்துச்சு," என்றார். "ஒட்டிக் குடுக்கலாம்னுதான் எடுத்து வெச்சேன். முதல் மூணு வாரம் ஞாபகம் இருக்கா? எதைக் கேட்டாலும் டெஸ்டர் புத்தகத்தைப் புரட்டுவார். பதில் வந்துடும். பதில் வந்ததும் நாலு மணிக்கே எல்லாரும் கடிகாரத்தைப் பார்ப்பீங்க. நாலாவது வாரம் புத்தகம் கைவிட்டுடுச்சு. நனைஞ்சவ நெருப்பு மூட்டலாமான்னு வாதம் பண்ணி, அஞ்சரை வரைக்கும் ஒருத்தர்கூட எழுந்திரிக்கல. நான் வீட்டுக்குப் போயி அந்தப் பக்கத்தையெல்லாம் ஒரு கோப்புல போட்டுக் கட்டிட்டேன்."

"கடைசி நாளும் விதி உங்களுக்குத் தெரியுமா சார்?" என்றார் அண்ணி.

"தெரியும்மா."

"ஒரு வார்த்தை சொல்லியிருந்தா உங்க ஆளு பிழைச்சிருப்பானே."

ஸ்டோர்காரர் கையை மடியில் வைத்துக்கொண்டார். "வெள்ளிக்கிழமை நான் போறேன். அவன் மட்டும் உங்களோட இருந்தா, நீங்க யாராவது அவனுக்காகப் பேசணும். என் ஆளு வேற ஒருத்தர் குரல்ல பேசறது எனக்கு ஒப்பல. அது ஒண்ணு. இன்னொண்ணு, நீ 'நில்'னு கத்தினேபாரு. எனக்காக யாரும் அப்படிக் குறுக்கே விழுந்து கத்தினது கிடையாது. அதோட போதும்னு தோணிடுச்சு."

அண்ணியின் கண் கலங்கியது. ஆனால் குரல் சூடாகத்தான் வந்தது. "நல்லா இருக்கு சார் நியாயம். உங்களுக்குப் போதும்னா எங்களுக்கு? அதுக்கப்புறம் ஒரு நாள்கூட நாங்க விளையாடல. தெரியுமா?"

"விளையாடலையா?"

"இல்ல சார்," என்றார் டெஸ்டர்.

கிழவர் முகம் அவர்களுக்கு நடுவில் எங்கோ பார்த்தபடி நின்றது. "சனிக்கிழமை மூணு மணி ஆனா, இந்நேரம் இரும்படி எந்தக் கதவை உடைச்சிருப்பான்னு நினைச்சுக்குவேன்," என்றார் மெதுவாக. "பதிவேட்டுல ஐந்நூறு அறுநூறு தீர்ப்பு வந்திருக்கும்னு நினைச்சேன். நீங்க விளையாடறீங்கன்னுதான் நினைச்சுக்கிட்டே இருந்தேன்."

இத்தனை வருடம் அவர் காயப்பட்டுப் போனார் என்று இவர்கள் நினைத்தார்கள். இவர்கள் சிரித்துக்கொண்டிருக்கிறார்கள் என்று அவர் நினைத்தார். ஒரு போன் போட்டிருந்தால் தெரிந்திருக்கும். நான்கு பேரும் தொலைபேசி நிலையத்து ஆட்கள். டெஸ்டருக்கு அது உறைத்தபோது வெட்கமாக இருந்தது.

முதலில் அசைந்தவர் அண்ணிதான். மூக்கை உறிஞ்சிக்கொண்டு, அக்கா மகளிடம், "வீட்டுல பகடை இருக்காம்மா?" என்று கேட்டார்.

பிள்ளைகளின் விளையாட்டுப் பெட்டியிலிருந்து இரண்டு வந்தன. ஒன்று பச்சை, ஒன்று வெள்ளை.

"சாவிக்காரன் வேண்டாம்," என்றார் ஸ்டோர்காரர் உடனே. "அவன் செத்தது செத்ததுதான். தீர்ப்புன்னா தீர்ப்பு. நான் வேற ஆளு எடுத்துக்கறேன்."

"என்ன ஆளு சார்?"

கொஞ்சம் யோசித்தார். "வாயாடி. கஷாயம் விக்கிறவ. யார் பேசினாலும் குறுக்கே பேசுவா."

அன்றைக்குக் கடைசிப் பஸ்ஸுக்குக் கொஞ்சம் முன்புதான் எழுந்தார்கள். கழன்ற பக்கங்களைக் கோப்போடு தந்தார் ஸ்டோர்காரர். டெஸ்டர் வாங்கி, நாடாவைக் கட்டி, அதே தட்டில் திருப்பி வைத்தார். முழுப் புத்தகத்தையும் அதன் பக்கத்திலேயே வைத்துவிட்டு வந்தார். பஸ்ஸில் பாதி வழி வந்ததும் அண்ணி, "அடுத்த தடவை உங்க அண்ணனைக் கட்டித் தூக்கியாவது கூட்டிட்டு வரணும்," என்றார்.

கட்ட வேண்டிய அவசியம் வரவில்லை. சேதி கேட்டதும் அண்ணன் தானாகவே சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார். மாதத்தின் முதல் சனிக்கிழமை என்று வைத்துக்கொண்டார்கள். காலைப் பஸ்ஸில் போய் மாலைப் பஸ்ஸில் திரும்புவார்கள். ஸ்டோர்காரர் இருந்தவரை, இரண்டு வருடமும் ஏழு மாதமும் அப்படிப் போனார்கள். கஷாயக்காரியின் வாய் அந்த வட்டாரத்து அரசர்களுக்கெல்லாம் தலைவலியானது. தூங்குகிறவன் காதில் மந்திரம் சொன்னால் அது அவன் கனவில் பலிக்குமா என்ற கேள்வி மூன்று மாதம் முடியாமல் இழுத்தது. அக்கா மகள்கூட ஒருநாள் வேலையிலிருந்து வந்த களைப்போடு கதவோரம் நின்று கேட்டுவிட்டு, "பலிக்காது மாமா, எழுந்ததும் மறந்துடுமே," என்று ஒரு கட்சியில் சேர்ந்துகொண்டார்.

ஸ்டோர்காரரின் முறை வரும்போது பகடையை அவர் உள்ளங்கையில் வைப்பார்கள். குலுக்கித் தட்டில் போடுவார். கையால் துழாவி எடுத்து, மேல்பக்கத்துக் குழிகளைக் கட்டைவிரலால் தடவி எண்ணுவார். சில நாள் ஒரு பகடையைத் தடவி எடுக்கும்போதே அது புரண்டுவிடும். சில நாள் ரொம்ப நேரம் எண்ணுவார்.

"பன்னெண்டு," என்பார்.

யாரும் எட்டிப் பார்த்ததில்லை. டெஸ்டர் எழுதிக்கொண்டு, "பலிச்சிடுச்சு சார், அடுத்து என்ன பண்றா?" என்று கேட்பார்.